ஆராய்ச்சி மருந்தாகும் வழி

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் இலக்கியப் பொருள் பற்றியே பேசிவந்த யாம், இவ்வாண்டு உயிரியல் ஆராய்ச்சியையும் அதிலிருந்து எழும் புதுத்தொழில்களையும் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். தமிழாசிரியனுக்கு இவ்விஷயத்தில் என்ன அலுவல் என்று சிலர் ஐயுறக்கூடும். நம் சங்கத்தின் உதவிப்பணம் பெற்றுப் படித்த பிள்ளைகளுள் உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், மருந்தியல் ஆகிய துறைகளில் பட்டம் பெற்றோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகிவருகிறது. அவர்களுள் பலர், தாம் கற்ற கல்விக்கும் செய்யும் தொழிலுக்கும் ஒரு தொடர்பும் இன்றி, கிடைத்த வேலையில் அமர்ந்துவிடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் அவர்கள் கண்ட உண்மைகளோ கட்டுரையாகக் கட்டப்பெற்றுக் கல்லூரி நூலகத்து அலமாரியில் உறங்குகின்றன. இந்நிலை மாறுதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்று யாம் கூறப்புகுவது.

நாம் நெசவால் வாழ்ந்த குலத்தார். நூல் தானாகவே துணியாவதில்லை என்பதை நமக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுவதில்லை. நூற்பவர் ஒருவர்; சாயம் தோய்ப்பவர் ஒருவர்; பாவு ஓட்டுபவர், கஞ்சி போடுபவர், அச்சில் பிணைப்பவர், தறியில் இருந்து நெய்பவர், மடித்துக் கடைக்கு அனுப்புபவர் எனப் பலர் கைமாறியே நூல் ஒருவர் உடலை மறைக்கும் ஆடையாகிறது. இவருள் ஒருவர் இல்லையேனும் நூல் நூலாகவே கிடந்து இற்றுப்போகும். ஆராய்ச்சியும் இத்தகையதே. ஆய்வாளர் கண்ட உண்மை நூல் போன்றது; நோயாளியின் கையில் சேரும் மருந்து ஆடை போன்றது. இடைப்பட்ட வேலைகளைச் செய்வார் இல்லாதவிடத்து எத்துணை உயர்ந்த உண்மையும் பயனின்றி ஒழியும். இதற்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுவோம்.

பெனிசிலின் காத்திருந்த காலம்

1928-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரத்துத் தூய மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் ஆய்வாளர், நுண்ணுயிர் வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூசணம் படர்ந்திருப்பதையும், அப்பூசணத்தைச் சுற்றியிருந்த நுண்ணுயிர்கள் அழிந்திருப்பதையும் கண்டனர். அதினின்று ஊறிய பொருளுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டு, 1929-இல் கட்டுரை ஒன்றும் வெளியிட்டனர். எனினும் அப்பொருளைத் தூய்மைப்படுத்திக் கெடாமல் நிறுத்தும் வழி அவர்க்கு வாய்க்கவில்லை. புண் சீழ்ப்பிடித்தும் நுரையீரல் வெந்தும் உலகெங்கும் மக்கள் மடிந்துகொண்டிருக்க, அவர்களைக் காக்கவல்ல உண்மை ஏறத்தாழப் பத்தாண்டுகள் அச்சிட்ட தாளிலேயே கிடந்தது.

பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின் என்னும் இருவரும் அக்கட்டுரையை எடுத்து ஆராயத் தொடங்கினர். அவரோடு இருந்த ஹீட்லி என்பார் கைத்திறன் மிக்கவர். போர்க்காலமாதலின் தக்க பாத்திரங்கள் கிடைக்கவில்லை. நோயாளிகளின் படுக்கை மலத்தட்டுகளிலும் பூசணத்தை வளர்த்தனர். 1940-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய நுண்ணுயிரை ஏற்றி, அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தனர். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் இறந்தன.

1941-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலர்க்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. முகமெல்லாம் சீழ்வைத்துக் கிடந்த அவர் சில நாட்களிலேயே தேறி உணவு கொள்ளலானார். ஆனால் மருந்து தீர்ந்தது. அவர் கழித்த சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தனர். பெரியோர்களே! மருந்து நோயை வெல்லும் என்பது அன்றே ஐயமின்றித் தெளிவாயிற்று. ஓர் உயிரைக் காக்கும் அளவிற்கேனும் அதனைச் செய்துகொடுப்பார் இல்லாமையே குறை.

அவ்வாண்டு ஜூலையில் புளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். அங்கே பியோரியா என்னும் ஊரிலிருந்த அரசாங்க வேளாண் ஆய்வுக்கூடத்தார், மக்காச்சோளத்தை ஊறவைத்து மாவு எடுத்தபின் எஞ்சும் நீரில் இப்பூசணம் பன்மடங்கு செழிப்பதைக் கண்டனர். 1943-இல் அவ்வூர்ச் சந்தையிற் கிடைத்த பூசணம் பிடித்த கிர்ணிப்பழம் ஒன்றிலிருந்து மிகுதியாக மருந்து சுரக்கும் இனம் கிடைத்தது. சிட்ரிக் அமிலம் வடித்துப் பழகிய பைசர் கம்பெனியார், புரூக்ளினில் பழைய பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றை வாங்கி, ஆழ்ந்த தொட்டிகளில் பெனிசிலினைப் பெருக்கும் ஆலையாக மாற்றி, 1944-ஆம் ஆண்டு மார்ச்சில் வேலை தொடங்கினர். 1945-இல் பிளெமிங், புளோரி, செயின் மூவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மாவு ஆலையின் கழிவுநீரை அறிந்தவர், அமிலம் வடிக்கும் தொட்டியை அறிந்தவர், பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றிச் சலியாது வடித்தெடுத்தவர் ஆகிய இவரெல்லாம் தத்தம் தொழிலறிவைக் கொணர்ந்து சேர்த்த பிறகே பெனிசிலின் மருந்தாயிற்று. பரிசு பெற்றோர் மூவர், மருந்தாக்கினோர் பலர். அப்பலர் முன்னரே கூடியிருப்பரேல் இடைக்காலத்தில் மடிந்தோருள் எத்துணைப் பேர் பிழைத்திருப்பர் என்பதை எண்ணிப் பார்மின்.

இலண்டனிலிருந்து மதுரைக்கு

இனி நமக்கு மிக அணித்தாகிய ஒன்றைக் கூறுவோம். இம்மன்றத்தில் வீற்றிருக்கும் முதியோருள் பலர் கண்புரை நீக்கிக் கண்ணுள்ளே சிறு வில்லை பொருத்திக்கொண்டவர். அவ்வில்லை வந்த வரலாற்றைக் கேண்மின்.

இரண்டாம் உலகப் போரில் ஆங்கில விமானிகள் சிலர் கண்ணுள் விமான முகப்பின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துத் தங்கின. அச்சில்லுகளைக் கண் பகையாது ஏற்றுக்கொண்டது என்பதை ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்டனர். அவ்வகைப் பொருளாலேயே வில்லை செய்வித்து, 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் இலண்டன் தூய தாமசு மருத்துவமனையில் கண்புரை நோயாளி ஒருவர்க்கு முதன்முதற் பொருத்தினர். அக்காலத்துக் கண் மருத்துவருட் பலர் அவரை ஏளனம் செய்தனர். கண்ணுள் வேற்றுப் பொருளை வைப்பது அடாது என்றனர். முதல் வில்லைகளிற் குறைகளும் இருந்தன. பலர் கைப்பட்டுத் திருந்தித் திருந்தி, அமெரிக்க அரசின் மருந்துக் கண்காணிப்புத் துறை 1981-இல் அதனை ஏற்பதற்கு முப்பதாண்டுக்கு மேற் கழிந்தன. ரிட்லி தம் முதுமையில் தம் கண்ணிலும் அவ்வில்லையே பொருத்தப்பெற்றார்.

ஆயினும் அவ்வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வேங்கடசாமி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதை நீவிர் அறிவீர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை மருத்துவம் பயின்று பல்லாயிரவர்க்குக் கண் தந்தவர் அவர். அம்மருத்துவமனைக்கு வந்த ஏழைகள் பலர் வில்லையின்றித் தடித்த கண்ணாடி அணிந்தே மீள நேர்ந்தது. நன்கொடையாக வந்த வில்லைகள் போதவில்லை. விலைக்கு வாங்கவோ ஒன்றிற்கு நூறு டாலர் என்னும் அளவிற் செலவாயிற்று. இந்தியாவில் இதனைச் செய்தல் இயலாது என்று கூறினாரும் உளர். அவர்களோ வெளிநாட்டு நண்பர்களின் துணையோடு தொழில் நுட்பத்தைக் கொணர்ந்து, 1992-இல் ஆரோலாப் என்னும் வில்லைத் தொழிற்சாலையை மதுரையிலேயே நிறுவினர். தொடக்கத்திலேயே விலை பத்து டாலர் அளவிற்கு இறங்கிற்று. பின்னர் இன்னும் குறைந்தது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

இஃது எவ்வாறு கைகூடிற்று? வில்லை செய்பவர்க்கு அருகிலேயே அதனைப் பொருத்தும் மருத்துவர் இருந்தனர். குறை இருப்பின் உடனே கண்டு சொல்லவும், திருந்தியதை மீண்டும் சோதிக்கவும் இயன்றது. செய்த பொருளை வாங்குவார் உளரோ என்னும் கவலையும் இல்லை. மருத்துவமனையே முதற் கொள்வோர் ஆயிற்று. புதுத்தொழில் செய்வார்க்குப் பணத்தினும் அரிய உதவி இதுவே என்பது எம் கருத்து. ஒன்றைச் செய்து முடித்தவனுக்கு, "கொண்டு வா, பயன்படுத்திப் பார்த்து உண்மையைச் சொல்கிறோம்" என்று கூறும் முதல் நுகர்வோன் ஒருவன் வேண்டும்.

ஐதராபாத்துத் தடுப்பூசி

மற்றொரு சான்று அண்டை நாடாகிய தெலுங்கு நாட்டில் உள்ளது. ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை வகைகளுள் பி என்னும் வகையின் வைரஸை ஆராய்ந்து கண்ட புளூம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர்க்கு 1976-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக்கொண்டு அந்நோய்க்குத் தடுப்பூசி செய்யும் முறை 1986-இல் அமெரிக்காவிற் கைவந்தது. நம் நாட்டிலோ இறக்குமதியாகும் ஊசியின் விலை ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கான ரூபாய்; மூன்று தடவை போடுதல் வேண்டும். குடும்பத்தில் ஐவர் இருப்பின் கூலி நெசவாளி எங்ஙனம் வாங்குவான்?

வரப்பிரசாத ரெட்டி என்பார் மின்னணுப் பொறியியல் படித்தவர், உயிரியல் பயிலாதவர். அவர் 1993-இல் தம் அன்னையின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கினர். தொழில் நுட்பத்தை வெளிநாட்டாரிடம் வாங்க முயன்று, அது கைகூடாமையால், நாமே ஆராய்ந்து காண்போம் என்று துணிந்தனர். சொந்த ஆய்வுக்கூடம் இல்லை. முதலில் உஸ்மானியாப் பல்கலைக்கழகமும், பின்னர் அந்நகரத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையமும் இடம் அளித்தன. நம் நாட்டு வங்கிகளுக்கு இத்தொழில் விளங்காதிருந்த காலத்தில், ஓமன் நாட்டின் அமைச்சர் ஒருவர் முதலீடு செய்து பொறுத்திருந்தனர். நான்காண்டு உழைப்பிற்குப் பின், 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஷான்வாக்-பி என்னும் தடுப்பூசி வெளிவந்தது. மரபணு மாற்றிய நுண்ணுயிர்கொண்டு இந்தியாவிலேயே உருவாக்கப்பெற்ற முதல் தடுப்பூசி அதுவே. பிற கம்பெனிகளும் தொடர்ந்து முன்வர, விலை பன்மடங்கு வீழ்ந்தது. இன்று அரசாங்கமே பச்சிளங் குழந்தைகளுக்கு அத்தடுப்பூசியை இலவசமாக இடுகிறது. அக்கம்பெனி 2009-இல் சனோபி என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. எனினும் அது திறந்துவிட்ட வழி மூடவில்லை.

இங்கே உதவியவர் மூவகையினர். இடம் தந்தோர், பொறுமையுள்ள பணம் தந்தோர், அறிவு தந்தோர். வட்டிக்கு விடும் பணம் மூன்றாம் மாதமே வாயிலில் நின்று கேட்கும். மருந்துத் தொழிலுக்கு இடும் பணம் நான்காண்டு, ஐந்தாண்டு, சில வேளை பத்தாண்டும் வாய் திறவாது காத்திருத்தல் வேண்டும்.

உதவும் முறை

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்குரைத்த அம்முறை இத்தொழிலுக்கும் சாலப் பொருந்தும்.

செய்யத் தொடங்குமுன் எண்ணவேண்டுவது: இப்பொருள் யாருக்கு வேண்டும், அவர் இப்போது எதைக்கொண்டு காரியம் நடத்துகிறார், அதனினும் இது எவ்வாற்றான் சிறந்தது என்பவை. இவற்றை ஆய்வுக்கூடத்திலிருந்து அறிதல் இயலாது. மருத்துவமனையிலும் வயலிலும் பட்டறையிலும் சென்று கேட்டறிதல் வேண்டும்.

அடுத்தது வலி. ஆய்வாளர் ஒருவரே கணக்கரும் வணிகரும் வழக்கறிஞரும் ஆதல் அரிது. தக்க துணைவரைச் சேர்த்துத் தருதலே பேருதவி.

காலம் என்பது காப்புரிமையில் நன்கு விளங்கும். புதிதாகக் கண்டதைக் கட்டுரையாக முன்னரே வெளியிட்டுவிட்டால் காப்புரிமை பெறும் தகுதி பெரும்பாலும் இழக்கப்படும். முதலில் விண்ணப்பம், பின்னரே கட்டுரை. இவ்வொரு சொல்லை உரிய காலத்தில் சொல்வார் இன்மையால் உழைப்பின் உரிமையை இழக்கும் மாணவர் உண்டு. உரிமை கிட்டின் விண்ணப்பித்த நாள்முதல் இருபதாண்டு அது நிற்கும்.

இடம் என்பது ஆய்வுக்கூடமும் கருவிகளும். மத்திய அரசாங்கம் 2012-இல் பைராக் என்னும் உதவிக் கழகத்தை நிறுவி, புத்தெண்ணம் உடைய ஆய்வாளர்க்கு அதனை மெய்ப்பித்துக் காட்ட 18 மாத காலத்திற்கு 50 இலட்சம் ரூபாய் வரை நல்கும் திட்டம் ஒன்றை ஏற்படுத்திற்று. பெங்களூரில் சி-கேம்ப், சென்னைத் தரமணியில் டைசல் உயிரியல் பூங்கா போன்ற இடங்களும் எழுந்துள்ளன. ஆனால் விண்ணப்பம் எழுதவும், அப்பணம் வருமளவும் உயிர்வாழவும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குத் துணை யார்? அவ்விடைவெளியிலேயே பலர் உதிர்ந்துபோகின்றனர்.

தெரிந்து தெளிதல் என்பதை இத்தொழிலில் மறந்தோர் பெருங்கேடு அடைந்தனர். அமெரிக்காவில் 2003-இல் தோன்றிய தெரனோஸ் என்னும் கம்பெனி, விரல்நுனிக் குருதித் துளி சிலவற்றாற் பல்வகைச் சோதனைகளும் செய்வதாகப் பறைசாற்றிற்று. முன்னாள் அமைச்சர்கள் பலர் அதன் ஆட்சிக்குழுவில் அமர்ந்தனர். கோடிக்கணக்கான டாலர் குவிந்தது. கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. அதனைத் தோற்றுவித்த எலிசபெத் ஹோம்ஸ் என்பார் முதலீட்டாளரை வஞ்சித்த குற்றத்திற்காக 2022-இல் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர். பெரியோர் பெயரைக் கண்டு பணம் இட்டாரேயன்றிப் பொருளைச் சோதித்தறிந்தார் அல்லர். இத்தொழிலிற் பொய் நுழைந்தால் கெடுவது பணம் மட்டுமோ? பொய்யான சோதனையை நம்பிய நோயாளியின் உயிரும் அன்றோ கெடும்! ஆதலால் விலங்கில் சோதனை, பின்னர் இசைவு பெற்ற மக்கள்பாற் படிப்படியான சோதனை, அரசின் ஒப்புதல் என்னும் படிகளை வீண் காலதாமதம் என்று ஒருவரும் இகழற்க. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு விதிகள் இவற்றை வகுத்துரைக்கின்றன. உதவ விரும்புவோர் இப்படிகளைக் கடக்கத் துணை செய்தல் வேண்டுமேயன்றித் தாண்டிக் குதிக்கத் தூண்டுதல் ஆகாது.

நம் வாயிலில் நிற்கும் வினை

இனி நம் குலத்துக்கே உரிய ஒன்றைக் கூறி அமைவோம்.

நம்முள் சாயப்பட்டறை நடத்துவோர் பலர். சாயக் கழிவுநீரால் நொய்யலாறு பட்ட பாட்டை நாடறியும். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, எத்துணைக் குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன என்பதையும், அவ்வாற்று நீரை நம்பிய உழவர் அதற்கு முன்னரே எத்துணைக் காலம் தவித்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவு இன்றும் சிறு பட்டறையாளரின் முதுகை முறிக்கின்றது.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர், நம் சங்கத்தின் உதவிப்பணத்தால் உயிரியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். சாயத்தைச் சிதைத்து உண்ணும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ந்தவர். கழிவு வாய்க்காலின் சேற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்று, குடுவையில் இட்ட சாயநீரை இரண்டு நாளில் வெளிறச் செய்ததாக எம்மிடம் கூறினார். "அம்மா, அவ்வாறாயின் பட்டறையில் இட்டுப் பார்க்கலாமே" என்றோம். "ஐயா, குடுவைநீர் வேறு, பட்டறைநீர் வேறு. பட்டறைநீரில் உப்பு மிகுதி, சூடு மிகுதி. சாயமும் நாளொரு வகை. அங்கே இது பிழைக்குமோ என்பதை ஓராண்டு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நிறம் போனதால் நஞ்சு போயிற்று என்றும் சொல்ல இயலாது. சிலவகைச் சாயம் சிதையும்போது முன்னதினும் கொடிய பொருள் பிறப்பதுண்டு. அதையும் சோதித்தாக வேண்டும்" என்றார். பெரியோர்களே! இச்சொல்லைக் கேட்டு யாம் மகிழ்ந்தோம். தம் பொருளின் குறையைத் தாமே முந்தி எடுத்துரைப்பவரே நம்பத்தக்க ஆய்வாளர்.

அவர்க்கு வேண்டுவன யாவை? பட்டறை ஒன்றின் மூலையில் சிறு தொட்டி ஒன்று. நாள்தோறும் சிறிது கழிவுநீர். சோதனைச் செலவு. ஓராண்டு வீட்டுச் செலவுக்கு அளவான பணம். விண்ணப்பம் எழுதத் துணை. இவற்றுள் முதலிரண்டும் நம்முள் பலரிடம் வாளா கிடப்பவை. அத்தொட்டிக்காக அவர் மூன்று பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார். பட்டறைக்குள் வேற்றாள் வந்து நீரெடுத்தால் வம்பு வரும் என்று மூவரும் மறுத்தனர் என அறிகிறோம். அவர் இப்போது அயலூரில் எழுத்தர் வேலைக்கு மனுச் செய்திருக்கிறார். அவ்வேலை கிடைத்தபின் அக்குடுவை என்னாகும்?

ஆதலால் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, உதவிப்பணம் பட்டத்தோடு நின்றுவிடாமல், ஆராய்ச்சியைத் தொழிலாக்க முனையும் ஆண்டுக்கு இருவர்க்கேனும் ஓராண்டு வாழ்க்கைச் செலவு அளித்தல். இரண்டாவது, பட்டறை, ஆலை, மருந்துக்கடை, மருத்துவமனை நடத்தும் நம்மவர் தம் இடத்தைச் சோதனைக்குத் திறந்துவிடுதல். கணக்கறிந்தோரும் சட்டமறிந்தோரும் திங்களுக்கு ஒரு நாள் இவ்விளைஞர்க்கு ஒதுக்குதல். மூன்றாவது, இப்பணத்திற்கெனத் தனிக் கணக்கு வைத்து, துறையறிந்த வெளியார் இருவரையேனும் சேர்த்த குழுவொன்று ஆராய்ந்தே கொடுத்தல். நம் உறவினர் பிள்ளை என்பதற்காகக் கொடுத்தலும், நமக்கு ஆகாதவர் பிள்ளை என்பதற்காக மறுத்தலும் அக்குழுவின் வாயிலைத் தாண்டலாகாது.

"பணம் போய்விட்டால்?" என்று கேட்பீர். போகக்கூடும். உயிரியல் தொழில்களிற் பல தோற்கின்றன. அதனை மறைத்துப் பேசுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே விதவையர் சேமிப்பையும் திருமணத்திற்கு வைத்த பணத்தையும் ஒருவரும் இதில் இடற்க. இட்டபின் மீளாதாயினும் வருந்தோம் என்னும் மிகுபணமே இதற்குரியது. இரண்டாவது கலியாண மண்டபம் கட்ட நாம் தொகை திரட்டி வருகிறோம். அதனை வேண்டாவென்று யாம் கூறவில்லை. அதிற் பத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் மண்டபத்தின் முகப்பு சிறிது எளிதாகும், அவ்வளவே. தோற்றவிடத்தும் நமக்கு எஞ்சுவது உண்டு. எது ஆகாது என்று கண்டறிந்த அறிவும், அதனைக் கண்டறிந்த பிள்ளையும் நம்மிடையே இருப்பர்.

"பயன் நம் குலத்தார்க்கு மட்டும் ஆகுமோ?" என்று வினவுவாரும் உளர். ஆகாது, ஆகவும் வேண்டுவதில்லை. மருந்து குலம் அறியாது. சாயநீர் தூயதானால் கீழ்ப்பாயும் ஊர்களில் எல்லாக் குலத்தாரும் அந்நீரைப் பருகுவர். நாம் நெய்த துணியை ஊரெல்லாம் உடுத்தியதாலன்றோ நம் முன்னோர் வாழ்ந்தனர்!

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என நான்கு கூறுகளை வகுத்தனர். ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து நோயாளியிடம் வந்து சேருமளவும் அதற்கு அருகிருந்து உதவுவோரையும் அந்நான்காம் கூற்றில் அடக்கலாம் என்பது எம் துணிபு. அந்நான்காம் கூற்றில் நம் சங்கமும் இடம் பெறுக. அம்மாணவியின் தொட்டிக்கு இடம் கொடுக்க இசையும் பட்டறையார் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தம் பெயரைக் கொடுக்குமாறு வேண்டுகின்றோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க இளைஞர்தம் முயற்சி!